கேட்டுக்கு அடியில் ஆறு விரல்

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

முழங்காலைத் தவிர மற்றதெல்லாம் இங்கே சுகம். உன் வயிற்றெரிச்சல் எப்படி இருக்கிறது? வேளைக்குச் சாப்பிடுகிறாயா, டீயிலேயே ஓட்டுகிறாயா? போன் பண்ணினால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் "ம்", "சரி", "வேலை இருக்கு". அதற்கு மேல் ஒரு வார்த்தை வருவதில்லை. அதனால்தான் காகிதத்தில் இறங்கிவிட்டேன். படிக்காமல் கிழித்துப்போட்டாலும் எனக்குத் தெரியப்போவதில்லை. உனக்கும் சௌகரியம்தான்.

அன்றைக்குக் கார் கதவைத் திறந்து உங்கள் நாய் மேஸ்திரியை இறக்கிவிட்டு, அவன் தட்டையும் கழுத்துப்பட்டையையும் படியில் வைத்துவிட்டு, ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்காமல் போனாய். நானும் தடுக்கவில்லை. நாலு மாதமாக உன் முகத்தைப் பார்க்கிறேனே, உன்னிடம் எப்போது பேசக்கூடாது என்று எனக்குத் தெரியாதா?

வந்த மூன்றாம் நாளே அவன் வீட்டைக் கையில் எடுத்துக்கொண்டான். நான் சமையலறையை விட்டுக் கூடத்துக்கு வந்தால் பின்னாலேயே வந்து குதிகாலை மூக்கால் தள்ளுகிறான். ஓய்வுபெற இரண்டு வருஷம் இருக்கிற மனுஷியை மாடு மாதிரி ஓட்டுகிறான். பகல் முழுக்க எக்ஸ்ரே அறையில் நின்றுகொண்டு "மூச்சை இழுங்க, பிடிங்க, அசையாதீங்க" என்று ஊரையே அதட்டிவிட்டு வருகிறேன். வீட்டில் என்னை அதட்ட ஒருத்தன். முடி கொட்டுவதைக் கேட்காதே. ஒரு வாரத்து முடியைச் சேர்த்தால் இன்னொரு நாயே செய்துவிடலாம்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். லைட் போடும் நேரம் வந்தால் ஒவ்வொரு அறையாகப் போய்ப் பார்க்கிறான். கட்டிலுக்கு அடியில், கதவுக்குப் பின்னால், துணிக்கூடைக்குப் பக்கத்தில். பிறகு வாசலைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறான். "எல்லாரும் வந்தாச்சுடா, படு" என்றால் என்னை ஒரு தடவை பார்க்கிறான், வாசலை ஒரு தடவை பார்க்கிறான். படுப்பதில்லை.

இதற்கு மேல் எழுதவில்லை. நாய் இங்கே இருப்பதை உன் மனைவியிடம் சொல்லிவிட்டாய் அல்லவா?

உன் அக்கா

*

பிப்ரவரி 3

அக்காவுக்கு,

நலம். வேலை அதிகம். பதினெட்டு மாடிக் கட்டிடம். நாலு லிஃப்ட், நாலும் புதுசு, நாலும் தகராறு. இந்த ஊருக்கு மாற்றல் கேட்டு வாங்கினவன் நான்தான், அதனால் குறை சொல்ல வழியில்லை.

நாயைப் பற்றி இனி எழுதாதே. அது உன்னிடம் இருப்பது அவளுக்குத் தெரியாது. தெரியவும் வேண்டாம். தெரிந்தவர் மூலமாக யாருக்கோ கொடுத்துவிட்டேன், இடம் தெரியாது என்று சொல்லிவைத்திருக்கிறேன். தெரிந்தால் திரும்பக் கொண்டுவா என்பாள். அது நடந்தால் நான் அந்த வீட்டுக்குள் காலே வைக்க முடியாது.

நீ வேடிக்கையாக எழுதியிருக்கிறாய். நடந்ததை மறந்துவிட்டாயா? கேட்டுக்கு அடியில் புகுந்து வெளியே ஓடியது அந்த நாய். தெருவில் சைக்கிள் ஓட்டிக்கொண்டிருந்த என் மகளின் காலைக் கவ்வி விழவைத்தது அந்த நாய். வேன் வந்தது அதற்குப் பிறகுதான். எட்டு வயது அக்கா. உனக்குத் தெரியாததையா எழுதுகிறேன்?

வைத்துக்கொள்ள முடியாவிட்டால் சொல். வேறு ஏற்பாடு செய்கிறேன். முழங்காலைக் காட்டு.

தம்பி

*

பிப்ரவரி 20

அன்புத் தம்பிக்கு,

முழங்காலைக் காட்டினேன். என் படத்தை நானே எடுத்து நானே பார்த்தேன். தேய்மானம். இந்த வயதில் அது சொந்தக்காரன் மாதிரி, வந்தால் போகாது. நீ தூங்குகிறாயா?

எழுதாதே என்றாய். எழுதாமல் இருக்க முடியவில்லை, கோபித்துக்கொள்.

நான் எதையும் மறக்கவில்லை. மறக்கவில்லை என்பதால்தான் அவனைக் கால்நடை டாக்டரிடம் கூட்டிப்போனேன். என் வீட்டில் அவனோடு நான் தனியாக இருக்கிறேன். இவன் எப்படிப்பட்டவன் என்று எனக்குத் தெரியவேண்டும் இல்லையா? டாக்டர் சின்ன வயதுப் பெண். பேச ஆரம்பித்தால் நிறுத்த பிரேக் கிடையாது. அவனைப் பார்த்ததும் தரையிலேயே உட்கார்ந்துகொண்டாள்.

"கார்கியா! வால் பிறவியிலேயே இல்லையா, வெட்டினதா?" என்றாள்.

எனக்குச் சட்டென்று நம் பெண் சொன்னது ஞாபகம் வந்துவிட்டது. அவளை எல்லாரும் வாலு, வாலு என்று கூப்பிடுவோம். "எங்க வீட்ல ரெண்டு பேருக்கும் சேர்த்து ஒரே வாலுதான் அத்தை, அதை நான் எடுத்துக்கிட்டேன்" என்பாள். டாக்டர் முன்னால் அழக்கூடாது என்று காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இந்தக் கார்கி ஜாதி நாய் ஏதோ குளிர் தேசத்து மலைப்பக்கத்தில் மாடு ஓட்டுவதற்கென்றே வளர்ந்ததாம். காலும் காரணத்தோடுதான் குட்டையாம். மாடு உதைத்தால் உதை தலைக்கு மேலே போய்விடும். வாத்துக் கூட்டத்தைக்கூட நாள் கணக்கில் நடத்திச் சந்தைக்குக் கொண்டுபோகுமாம். "இது கடிக்கிறது இல்லைம்மா. குதிகாலைக் கவ்வித் திருப்புறது. கூட்டத்தை விட்டு ஏதாவது வேகமா ஓடினா அதை வீட்டுப்பக்கம் திருப்பணும். பல நூறு வருஷமா அதுங்க பார்க்கிற வேலை" என்றாள்.

நான் நடந்ததைச் சொன்னேன். வாயாடிப் பெண் அவன் முகத்தை இரண்டு கையாலும் ஏந்திப் பார்த்தாள். அப்புறம், "அப்போ அது அந்தக் குழந்தையைத் தள்ளலைம்மா. வீட்டுக்குத் திருப்பப் பார்த்திருக்கு" என்றாள்.

அவன் முதுகில் தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு பட்டை இருக்கிறதே, அதைத் தடவிக்கொடுத்தபடி, அந்த ஊரில் இதைத் தேவதைகள் சேணம் போட்ட இடம் என்பார்கள் என்றாள். அந்தக் கதை எனக்கு ஏற்கெனவே தெரியும். போன வருஷ லீவில் வாலு தன் பொம்மையை அங்கே உட்காரவைத்து வீடு முழுக்கச் சவாரி விட்டது உனக்கு ஞாபகம் இருக்கும்.

நேற்று ஒரு வேடிக்கை. தெருவில் யாரோ சைக்கிளில் போக, இவன் பாய்ந்துபோய் என் கேட்டுக்கு அடியில் தலையை விட்டான். மூக்கு போனது, காது போனது, அதோடு சரி. நெஞ்சு மாட்டிக்கொண்டு கத்துகிறான். இழுத்தெடுக்க நானும் படுத்துவிட்டேன். கால்தான் குட்டை, உடம்பு பீப்பாய். என் கேட்டுக்கு அடியில் ஆறு விரல் இடைவெளி. உங்கள் வீட்டு கேட்டில் எவ்வளவு இருக்கும் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

பதில் போடு.

உன் அக்கா

*

மார்ச் 28

அன்புத் தம்பிக்கு,

ஐந்து வாரமாகிவிட்டது, ஒரு வரி இல்லை. உடம்புக்கு ஒன்றுமில்லையே? உன் அலுவலகத்துக்குப் போன் பண்ணினேன். "சார் லிஃப்ட் குழிக்குள்ள இருக்காரும்மா" என்றார்கள். மூன்று தடவையும் அதே குழி. சரி, உயிரோடு இருக்கிறாய் என்றவரைக்கும் திருப்தி.

நான் ஏதாவது எழுதக்கூடாததை எழுதிவிட்டேனா? எழுதியிருந்தால் அதையாவது சொல்லலாம்.

மேஸ்திரியின் பின்னங்கால் சரியில்லை. முதலில் சத்தம்தான் வந்தது. நடக்கும்போது நகம் தரையில் தேயும் சத்தம். இப்போது பாதம் மடிந்து புறங்காலால் நடக்கிறான். திரும்பும்போது இடுப்பு ஒருபக்கம் சாய்ந்துவிடுகிறது. விழுந்துவிட்டு, யாராவது பார்த்தார்களா என்கிற மாதிரி சுற்றிப் பார்க்கிறான். நீள முதுகு, அதனால் தண்டுவடத்து எலும்பில் கோளாறாக இருக்கும் என்று நினைத்து டாக்டரிடம் படம் எடுக்கச் சொன்னேன். படத்தை என் கையில் வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். முப்பத்தைந்து வருஷமாக எலும்பு பார்க்கிறவள். ஒரு கணு விலகவில்லை, ஒரு இடத்தில் தேயவில்லை. அழகான முதுகு. படத்தில் ஒன்றுமே இல்லை என்பதால்தான் பயமாக இருக்கிறது.

பத்து வயதாகிறது அவனுக்கு. வாலுவைவிட ஒரு வருஷம் மூத்தவன். அவள் தவழும்போது மாடிப்படிப் பக்கம் போனால் குறுக்கே படுத்து மறிப்பானாம், உன் மனைவி சொல்லியிருக்கிறாள்.

சாப்பிடு. எழுது.

உன் அக்கா

*

ஏப்ரல் 9

அன்புள்ள அண்ணிக்கு,

வணக்கம். உங்கள் முழங்கால் தேவலையா? நான் இருக்கிறேன். வேலைக்குப் போகிறேன், வருகிறேன். அவர் வாரம் ஒரு தடவை போன் பண்ணுகிறார். சாப்பிட்டாயா என்று நான் கேட்பேன், சாப்பிட்டாயா என்று அவர் கேட்பார். அதற்குமேல் இருவருக்கும் ஒன்றும் இருப்பதில்லை.

அச்சகத்தில் இப்போது அடுத்த வருஷத்துப் பள்ளிப் புத்தகங்கள் ஓடுகின்றன. போன வாரம் நாலாம் வகுப்புப் புத்தகம் பிழை திருத்த என் மேசைக்கு வந்தது. வாலு வரும் ஜூனில் நாலாம் வகுப்பு. எல்லாப் பக்கத்தையும் திருத்திக் கொடுத்தேன் அண்ணி. ஒரு பிழைகூட விடவில்லை.

உங்களிடம் ஒன்று கேட்கவேண்டும். மேஸ்திரியை யாரிடம் கொடுத்தார் என்று உங்களுக்குத் தெரியுமா? அவர் தெரியாது என்கிறார். நான் வேலையிலிருந்து வந்தபோது தட்டுகூட இல்லை.

அன்று நான் அந்த நாயைப் பார்த்து என்னவெல்லாம் கத்தினேன் என்று தெருவுக்கே தெரியும். கொலைகாரா என்றேன். செருப்பை எடுத்து அடித்தேன். அவன் ஓடவில்லை. அதன்பின் நாலு நாள் நான் சோறு வைக்கவில்லை. ஐந்தாம் நாள் பக்கத்து வீட்டு அம்மா கொண்டுவந்து வைத்தார்கள். அவன் அதையும் தொடவில்லை. வாலுவின் செருப்புகள் இருக்கும் இடத்தில் படுத்திருந்தான். அவள் பள்ளியிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுகிறவரை அவன் சாப்பிடமாட்டான், உங்களுக்குத் தெரியும். அப்போதுதான் எனக்குப் புரிந்தது, நான் பட்டினி போட்டதே அவனுக்குத் தெரியவில்லை என்று.

நான் அவனிடம் ஒரு வார்த்தை சொல்லவேண்டும். நாயிடம் என்ன சொல்வது என்று சிரிக்காதீர்கள். அவர் அவனைக் கொண்டுபோய்விட்டதால் அதைச் சொல்ல ஆள் இல்லாமல் நிற்கிறேன்.

உங்களுக்கு ஏதாவது தெரிந்தால் எழுதுங்கள். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பி மனைவி

*

ஏப்ரல் 19

அன்புள்ள அம்மாடிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. எனக்கு முழங்கால் தேவலை. மருந்து தடவுகிறேன். இங்கே வெயில் ஆரம்பித்துவிட்டது. ஆஸ்பத்திரியில் புது மெஷின் வந்திருக்கிறது. பழையதைவிடச் சத்தம் குறைவு. நீ மெலிந்துபோயிருப்பாய் என்று நினைக்கிறேன். ராத்திரி ஒரு டம்ளர் பாலாவது குடி.

மேஸ்திரியைப் பற்றிக் கேட்டிருந்தாய். எங்கே இருந்தாலும் அவனை யாரும் குறையாகப் பார்க்கமாட்டார்கள். நல்ல கையில்தான் இருப்பான். அதை மனதில் வைத்து வருத்திக்கொள்ளாதே.

உன் மேலதிகாரியிடம் அந்த நாலாம் வகுப்புப் புத்தகத்தை வேறு யாருக்காவது கொடுக்கச் சொல்லக்கூடாதா? கேட்டால் கொடுப்பார்கள்.

வேறு விசேஷமில்லை.

அன்புடன் அண்ணி

*

ஏப்ரல் 19

தம்பிக்கு,

இன்றைக்கு நலம் விசாரிக்க மனசில்லை.

உன் மனைவி எழுதியிருந்தாள். அவளுக்கு வெயிலைப் பற்றியும் மெஷினைப் பற்றியும் ஒரு பதில் எழுதி, இப்போதுதான் தபாலில் போட்டுவிட்டு வந்தேன். நான் எழுதும்போது மேஸ்திரி என் காலில் தலைவைத்துப் படுத்திருந்தான். எனக்குக் கை கூசியது. இது உனக்காக நான் எழுதுகிற முதல் பொய். இரண்டாவது எழுதமாட்டேன்.

அவனுக்கு என்ன என்று தெரிந்துவிட்டது. தண்டுவடத்து நரம்பு பின்னாலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டு வருகிறது. இந்த ஜாதிக்கு வயதானால் வருகிற வியாதியாம். வலிக்காது என்கிறாள் டாக்டர். மருந்தும் கிடையாது. பின்னங்கால், அப்புறம் முன்னங்கால், அப்புறம் மூச்சு. மெதுவாக வருகிறவையும் உண்டு, இவனுக்கு வேகமாக வருகிறது. வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்து இடுப்பைத் தூக்கிப் பிடித்தால் முன்னங்காலால் நடக்கிறான். இரண்டு பேருமாக வீட்டைச் சுற்றுகிறோம். இப்போதும் லைட் போட்டால் எல்லா அறையும் பார்த்தாகவேண்டும் அவனுக்கு. நான் துண்டைப் பிடித்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் குனிந்து காட்டுகிறேன்.

தம்பி, நான் பிப்ரவரியில் ஒன்று எழுதினேன். அதற்குப் பிறகுதான் நீ வாயை மூடிக்கொண்டாய். அப்போது சாதாரணமாகத்தான் எழுதினேன், உன் மேல் ஆணை. இப்போது தெரிந்தே கேட்கிறேன்.

கேட்டைத் திறந்தது யார்?

அக்கா

*

மே 25

அக்கா,

நாலு தடவை எழுதிக் கிழித்தேன். இது ஐந்தாவது. நலம் என்று எழுத வரவில்லை.

நான்தான்.

அன்று சீக்கிரம் வந்துவிட்டேன். காரை உள்ளே விட கேட்டைத் திறந்தேன். அப்போது போன். ஏதோ கட்டிடத்தில் ஒரு லிஃப்ட் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிட்டது, உள்ளே ஆள். பேசிக்கொண்டே உள்ளே போனேன். கேட்டைச் சாத்தவில்லை. என் மனைவி எனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பாள், "கேட்டு, கேட்டு, கொக்கியைப் போடுங்க, அவன் சைக்கிளைக் கண்டா நிக்கமாட்டான்" என்று.

வாலுவுக்கு விளக்குக் கம்பம் வரைக்கும்தான் அனுமதி. நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கம்பத்தைத் தாண்டிப் போகிறாள். பெரிய ரோட்டுப் பக்கம். கூப்பிட வாயைத் திறந்தேன், போனில் ஆள் கத்திக்கொண்டிருந்தான். அதற்குள் மேஸ்திரி போய்விட்டான். அவ்வளவு குட்டைக் காலில் அப்படி ஓடுவான் என்று நான் நினைத்ததே இல்லை. வட்டமாகப் போய் அவளுக்கு முன்னால் வந்து மறித்தான், காலைப் பிடித்தான். அவள் திரும்பினாள் அக்கா. வீட்டுப்பக்கம் திரும்பிவிட்டாள். திரும்பின வேகத்தில் விழுந்தாள். வேன் முக்கில் வந்துகொண்டிருந்தது.

உன் டாக்டர் சொன்னது எனக்கு முன்பே தெரியும். நான் பார்த்தேன்.

இவள் ஓடிவந்தாள். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு என்னிடம் முதலில் கேட்டது, "இவன் எப்படி வெளியே வந்தான்?" கேட்டுக்கு அடியில் புகுந்துவிட்டான் என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை. அப்போது சொன்னதைப் பிறகு எந்த நாள் மாற்றுவது? ஆஸ்பத்திரியிலா? அடக்கம் முடிந்தபிறகா? அவள் அவனைச் செருப்பால் அடித்தபோது நான் பக்கத்தில் நின்றேன். தடுக்கவில்லை.

அவன் என் மேல் கோபப்பட்டிருந்தால் வீட்டிலேயே வைத்திருப்பேன். அவன் ஒவ்வொரு நாளும் நான் வந்தால், இல்லாத வாலை ஆட்டிக்கொண்டு இடுப்பு முழுக்க ஆட வந்து காலில் ஏறுவான். அதுதான் என்னால் முடியவில்லை.

அவளிடம் சொல்லிவிடாதே. உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன்.

தம்பி

*

ஜூன் 4

தம்பிக்கு,

படித்தேன். படித்துவிட்டு வேலைக்குப் போனேன். ஈய அங்கியை மாட்டிக்கொண்டு நின்றால் அன்றைக்குத்தான் அதன் கனம் தெரிந்தது.

உன்னைத் திட்டப்போவதில்லை. நீ பிறந்தபோது உன்னை முதலில் தூக்கினவள் நான். எனக்கு உன்மேல் ஆத்திரமும் வருகிறது, உன்னை மடியில் போட்டுக்கொள்ளவேண்டும் போலவும் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

நான் அவளிடம் சொல்லமாட்டேன். அது என் வாயிலிருந்து வரக்கூடாது. உன் கடிதத்தை இதோடு திருப்பி அனுப்புகிறேன். அது எனக்கு எழுத வேண்டியதே இல்லை. விலாசம் மாறி வந்துவிட்டது.

ஆனால் மேஸ்திரி இங்கே இருக்கிறான் என்பதை அவளுக்கு இன்றைக்கு எழுதிவிட்டேன். முன்பு மறைத்ததற்கு மன்னிப்பும் கேட்டிருக்கிறேன். அவன் பின்னங்கால் இரண்டும் முழுக்கப் போய்விட்டது. காத்திருக்க நேரமில்லை.

வேளைக்குச் சாப்பிடு. நிஜமாகத்தான் சொல்கிறேன்.

அக்கா

*

ஜூலை 16

அன்புத் தம்பிக்கு,

அவள் வந்து மூன்று வாரமாகிறது. லீவு போட்டுவிட்டு வந்தாள், இப்போது அதையும் நீட்டிவிட்டாள். உனக்குத் தெரிந்திருக்கும், தெரியாவிட்டால் இப்போது தெரிந்துகொள்.

வந்த நாளை மட்டும் எழுதுகிறேன். ஆட்டோ வந்து நின்றதும் இவன் காது விறைத்தது. அவள் கேட்டைத் திறந்து உள்ளே வந்தாள். இவன் முன்னங்கால் இரண்டால் பின்பாதியை இழுத்துக்கொண்டே முற்றம் முழுக்கப் போனான். அப்படி ஒரு சத்தம் போட்டான், குரைப்பும் இல்லை, அழுகையும் இல்லை. அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். கையை நீட்டினாள். இவன் அவள் கையை முகர்ந்தான். முகர்ந்துவிட்டு அவளைத் தாண்டி இழுத்துக்கொண்டு போனான். கேட் வரைக்கும். அவளுக்குப் பின்னால் இன்னொரு ஆள் இறங்கவேண்டும் என்று ஆட்டோவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆட்டோ திரும்பிப் போயிற்று. அவன் அங்கேயே இருந்தான்.

அவள் பின்னாலேயே தவழ்ந்துபோய் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். "வரமாட்டாடா. இனிமே வரமாட்டா" என்று அவன் காதில் சொன்னாள். பத்து மாதத்தில் அவள் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அதுதான் முதல் தடவை என்று அப்புறம் சொன்னாள். நான் உள்ளே போய்க் கழுவின பாத்திரத்தையே மறுபடி கழுவிக்கொண்டிருந்தேன்.

இப்போது துண்டைப் பிடிப்பது அவள்தான். எனக்கு இடம் தருவதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவனைக் குளிப்பாட்டித் துடைத்துக்கொண்டிருந்தவள் சட்டென்று நிறுத்தினாள். கையை விரித்து அவன் நெஞ்சை அளந்தாள். "அண்ணி, இவன் இளைச்சுப்போயே இவ்வளவு இருக்கான்" என்றாள். நான் வாளியை நகர்த்தி வைத்தேன். "எங்க வீட்டு கேட்டுக்கு அடியில வாலுவோட பந்தே போகாது. ஒவ்வொரு தடவையும் கேட்டைத் திறந்துதான் எடுப்பா. பத்து மாசமா அந்தக் கேட்டைப் பார்க்காமலே போய்ட்டு வந்துக்கிட்டிருக்கேன்" என்றாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். பிழை திருத்துகிறவள் கண் எப்படி இருக்கும் என்று உனக்குத் தெரியும். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அதுவே அவளுக்குப் போதும்.

"அவர் சொல்லட்டும், நான் கேட்கமாட்டேன்" என்றாள். அதோடு துண்டை எடுத்துத் துடைக்க ஆரம்பித்துவிட்டாள்.

முன்னங்காலும் நடுங்க ஆரம்பித்திருக்கிறது. உடனே கிளம்பி வா. வரமுடியாவிட்டால் எழுது.

உன் அக்கா

*

ஆகஸ்ட் 19

உனக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நீ நன்றாக இருக்கிறாயா என்று கேட்கும் தகுதி எனக்கில்லை.

அக்காவுக்கு எழுதின கடிதம் ஒன்றை இதோடு வைத்திருக்கிறேன். தேதியைப் பார். அக்கா திருப்பி அனுப்பினதிலிருந்து இரண்டு மாதத்துக்கு மேலாக என் சட்டைப்பையிலேயே இருந்தது. மடிப்பில் கொஞ்சம் கிழிந்திருக்கிறது. இரண்டு தடவை ரயில் டிக்கெட் எடுத்தேன். இரண்டு தடவையும் ஸ்டேஷனிலிருந்து திரும்பிவிட்டேன்.

அதில் இருப்பது எல்லாம் உண்மை. குறைத்து எழுதவில்லை.

மேஸ்திரியிடம் நான் வருகிறேன் என்று சொல். நீ சொன்னால்தான் வருவேன்.

நான்

*

ஆகஸ்ட் 28

உங்களுக்கு,

உங்கள் கடிதம் செவ்வாய்க்கிழமை வந்தது. மேஸ்திரி திங்கட்கிழமை காலை போய்விட்டான்.

சனிக்கிழமையிலிருந்து மூச்சு வாங்க ஆரம்பித்தது. தலையைத் தூக்க முடியவில்லை. டாக்டர் வீட்டுக்கே வந்தார். நானும் அண்ணியும் பக்கத்தில் இருந்தோம். ஊசி போடும்போது அவன் தலை என் மடியில் இருந்தது. முடிந்ததும் வாயாடி டாக்டர் வெளியே போய்க் குழாயடியில் நின்று முகம் கழுவிக்கொண்டார். அண்ணி வீட்டுப் பின்பக்கம் குழி வெட்டச் சொன்னோம். அண்ணி அரைநாள்தான் லீவு போட்டார், மத்தியானம் வேலைக்குப் போய்விட்டார். வீட்டில் இருக்க முடியவில்லை என்றார்.

நான் சொல்லவேண்டியதை அவனிடம் முன்பே சொல்லிவிட்டேன். அவன் என் கையை நக்கினான். அதை மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள எனக்கு மனசு வரவில்லை. அவன் எல்லார் கையையும் நக்குவான். உங்கள் கையையும் நக்கியிருப்பான்.

கேட்டைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அந்தக் கொக்கியை நானும் எத்தனையோ நாள் போடாமல் விட்டிருக்கிறேன். அன்றைக்கே சொல்லியிருந்தால் உங்களை அடித்திருப்பேன், கத்தியிருப்பேன், அப்புறம் உங்கள் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதிருப்பேன். இரண்டு பேருமாக அழுதிருப்போம். நீங்கள் எனக்கு அதைத் தரவில்லை. அதற்குப் பதில் வெறுப்பதற்கு ஒரு நாயைக் கொடுத்தீர்கள். நானும் வாங்கிக்கொண்டேன்.

ஏன் வாங்கிக்கொண்டேன் தெரியுமா? இதை அண்ணியிடம்கூடச் சொல்லவில்லை.

அன்று சாயங்காலம் அவளுக்கு வெளியே போக இஷ்டமில்லை. என் மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து நான் திருத்தின தாளின் பின்பக்கம் படம் வரைந்துகொண்டிருந்தாள். நிமிஷத்துக்கு ஒரு கேள்வி. எனக்குப் பன்னிரண்டு பக்கம் மிச்சம் இருந்தது, மறுநாள் காலையில் கொடுக்கவேண்டும். "தொணதொணக்காதே, போய்க் கொஞ்ச நேரம் சைக்கிள் ஓட்டு போ" என்றேன். "எவ்வளவு நேரம்மா?" என்றாள். "நான் கூப்பிடற வரைக்கும்" என்றேன்.

நான் கூப்பிடவே இல்லை. பன்னிரண்டாவது பக்கத்தில் இருந்தேன், தெருவில் சத்தம் கேட்டது.

நீங்கள் கேட்டுக்கு அடியில் என்று சொன்னதும் நான் ஏன் மறுகேள்வி கேட்கவில்லை என்று இப்போது புரிகிறதா? நான் கேட்டிருந்தால் நீங்களும் கேட்டிருப்பீர்கள், அவளைத் தனியாக யார் வெளியே அனுப்பியது என்று.

வேலையை விட்டுவிட்டேன். அண்ணியின் ஆஸ்பத்திரியிலேயே பதிவேடு எழுத ஆள் கேட்கிறார்கள், திங்கட்கிழமையிலிருந்து போகிறேன். வீட்டுச் சாவி பக்கத்து வீட்டில் இருக்கிறது. அவள் அறையில் எதையும் எடுக்காதீர்கள். எடுக்கவேண்டிய நாள் வந்தால் இரண்டு பேருமாக எடுப்போம். அது எப்போது என்று எனக்குத் தெரியவில்லை.

வயிற்றெரிச்சலுக்கு மாத்திரை போடுகிறீர்களா? வெறும் வயிற்றில் டீ குடிக்காதீர்கள்.

இப்போது வராதீர்கள். வந்து நின்றால் போங்கள் என்று சொல்ல எனக்குத் தெம்பில்லை. இருங்கள் என்று சொல்லவும் இல்லை.

வாலுவின் அம்மா